ஆபத்துக்குப் பாவமில்லை: வழக்கமும் தோட்டத்துப் பெண்களும்

பெண்ணுக்குத் தலைமை ஆகாது, ஆயுதம் ஆகாது, சபையில் முன்வரிசை ஆகாது என்று சொல்லுகிறவர்களை ஏன் ஆகாது என்று கேட்டால், அவர்கள் காரணம் சொல்லுவதில்லை. வழக்கம் என்று மட்டும் சொல்லுவார்கள். அவ்வழக்கம் எப்போது ஏற்பட்டது, யாரால் ஏற்பட்டது, என்றைக்காவது அது மீறப்பட்டதுண்டா, மீறப்பட்டபோது உலகம் கவிழ்ந்து போயிற்றா என்று மேலும் கேட்டால் கோபம் வருமேயொழியப் பதில் வராது. ஆகவே இக்கேள்விகளைச் சரித்திரத்தினிடமே கேட்க வேண்டியிருக்கிறது. அவ்விதம் கேட்பதற்கு இரண்டு இடத்துப் பெண்களை இங்கே எடுத்துக்கொள்ளுகிறோம். ஒருத்தி, ஒரு சினிமாப் படத்தின் வழியாக உலகம் அறிந்த மாவோரிச் சிறுமி. மற்றவர்கள், நம்முடைய மலாயாத் தோட்டத்து லயங்களிலிருந்து புறப்பட்டுப் போய், மறுபடியும் அந்த லயங்களுக்கே திரும்பி வந்த தமிழ்ப் பெண்கள்.

2002-ம் வருஷத்தில் நியூஸிலாந்திலிருந்து ‘வேல் ரைடர்’ என்னும் படம் வெளிவந்தது. திமிங்கலத்தின்மேல் ஏறி வந்தவர் என்பது அப்பெயரின் பொருள். விட்டி இஹிமைரா என்னும் மாவோரி எழுத்தாளர் 1987-ல் எழுதிய நாவலை வைத்து நிக்கி காரோ என்னும் பெண்மணி அதை இயக்கினார். கடற்கரைக் கிராமமொன்றில் வாழும் ஒரு கூட்டத்தார், தங்கள் ஆதி புருஷரான பைக்கேயா திமிங்கலத்தின் முதுகில் ஏறிக் கடல் கடந்து வந்தவர் என்று நம்புகிறவர்கள். அவருடைய வமிசத்தில் பிறக்கும் மூத்த ஆண்மகனே அவர்களுக்குத் தலைவன். அந்த வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறக்கின்றன. தாயும் ஆண் குழந்தையும் இறந்துபோகப் பெண் குழந்தை மாத்திரம் பிழைக்கிறது. துக்கம் தாங்காத தகப்பன் அந்தப் பெண்ணுக்கே ஆதி புருஷரின் பெயரை வைத்துவிட்டுத் தேசாந்தரம் போய்விடுகிறான். பாட்டனார் அவளைத் தம் சைக்கிளில் வைத்துக்கொண்டு திரிகிறார். கண்ணுக்குக் கண்ணாக வளர்க்கிறார். ஆனால் தலைமைக்குரிய வித்தைகளைக் கற்பிக்கும் நாள் வந்ததும், ஊரிலுள்ள மூத்த பையன்களையெல்லாம் கூட்டிவைத்துக்கொண்டு அவளை வெளியே போகச் சொல்லுகிறார். அவள் மறைந்து நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுகிறாள். பாட்டனார் தம் கழுத்திலிருந்த திமிங்கலப் பல்லைக் கடலில் எறிந்து, எடுத்து வருகிறவனே தலைவன் என்கிறார். ஒரு பையனாலும் முடியவில்லை. பிற்பாடு அதை மூழ்கி எடுத்து வந்தவள் அந்தப் பெண்தான். கடைசியில் கரை ஒதுங்கிச் சாகக் கிடந்த திமிங்கலக் கூட்டத்தில் பெரியதன்மேல் ஏறி, அதைக் கடலுக்குள் திருப்பிக்கொண்டு போகிறாள். அப்போதுதான் கிழவருக்குக் கண் திறக்கிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்த கெய்ஷா காஸில்-ஹியூஸ் என்னும் மாவோரிச் சிறுமியின் பெயர், அவளுடைய 13-வது வயதில், சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பாட்டனார் கெட்டவர் அல்லர். தம் ஜனங்கள் சிதறிப் போகிறார்களே, வாலிபர்கள் குடியிலும் சோம்பலிலும் கெடுகிறார்களே என்று உண்மையாகவே வருந்துகிறவர். தலைவனைத் தேடி அலைகிற அவருடைய கண்ணுக்கு, மடியில் வளர்ந்த தலைவி தெரியவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று நாம் சொல்லுவது இதைத்தான். பெண்களை அடக்கி வைத்தவர்களில் பெரும்பாலோர் கொடியவர்களாயிருந்தால் காரியம் சுலபமாயிருந்திருக்கும். அன்பு செலுத்திக்கொண்டே கதவைச் சாத்துகிறவர்களிடம் வழக்காடுவதுதான் கஷ்டம். இரண்டாவது, ஆண்பிள்ளை தலைமைக்கு வருவதற்கு அவன் பிறந்தது போதும்; பெண் வருவதற்கோ திமிங்கலத்தின்மேல் ஏறிக் காட்ட வேண்டும். அற்புதம் செய்தால்தான் அவளுக்கு உரிமை என்றால், அற்புதம் செய்யத் தெரியாத மற்றப் பெண்களின் கதி என்ன என்பதைப் படம் பார்க்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுவது நல்லது.

இனி, மாவோரி ஜனங்களின் வழக்கம் அந்தக் கிழவர் நினைத்தபடி என்றென்றைக்கும் ஒரே மாதிரி இருந்ததா என்று பார்ப்போம். 1840-ல் மாவோரித் தலைவர்கள் ஆங்கிலேயருடன் செய்துகொண்ட வைத்தாங்கி உடன்படிக்கையில் பெண் தலைவர்கள் சிலரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். தே ரங்கி தோப்பியோரா என்னும் பெண் தலைவி அவர்களில் ஒருவர். 1893-ல் மேரி மங்ககாஹியா என்னும் மாவோரிப் பெண்மணி, தங்கள் ஜனங்களின் சொந்தப் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று, பெண்களுக்கு வாக்குரிமை மட்டுமல்லாமல் சபையில் அமரும் உரிமையும் வேண்டும் என்று கேட்டார். பெண்களுக்கு நிலமிருக்கிறது, நிலத்தைப் பற்றிப் பேசும் சபையில் அவர்களுக்கு இடமில்லையா என்பது அவருடைய வாதம். அதே வருஷம் செப்டம்பரில் நியூஸிலாந்து சர்க்கார், மாவோரிப் பெண்கள் உட்பட எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தது. 1966 முதல் 2006 வரையில் மாவோரி அரச பீடத்தில் ஒரு ராணி இருந்தார். 2024-ல் மறுபடியும் 27 வயதுள்ள ஒரு பெண்ணே அப்பீடத்தில் அமர்த்தப்பட்டார். ஆகவே வழக்கம் என்று சொல்லப்படுவது பல கிளைகளுள்ள மரம். தனக்கு வேண்டிய கிளையை மட்டும் காட்டி, இதுதான் மரம் என்று ஒருவர் சொல்லும்போது நாம் சற்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.

நம் கதையும் அப்படிப்பட்டதே. மங்கம்மாள் மதுரையை ஆண்டதையும், வேலு நாச்சியார் 1780-ல் சிவகங்கையை மீட்டதையும் மேடையில் பெருமையாகப் பேசுகிறவர்கள், மேடையிலிருந்து இறங்கியதும் வீட்டுப் பெண்ணைப் பார்த்து, உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கிறார்கள். ராணிகளின் கதை தூரத்தில் இருப்பதால் அதனால் யாருக்கும் சங்கடமில்லை. நமக்குக் கிட்டத்தில், நம் பாட்டிமார் காலத்தில் நடந்ததை எடுத்துப் பேசினால்தான் உண்மை விளங்கும்.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பெண் என்றும் வீட்டுக்குள் இருந்தவள் அல்லள். விடியுமுன் பெரட்டுக்கு வந்து நின்று, ஆணைப் போலவே நிரை பிடித்துப் பால் வெட்டி, மங்கு துடைத்து, பாலைச் சுமந்து கொட்டாயில் சேர்த்தவள் அவள். வேலையில் காட்டாத வித்தியாசத்தைச் சம்பளத்தில் காட்டினார்கள். 1920-களின் பிற்பகுதியில் முக்கியமான தோட்ட ஜில்லாக்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-ல் ரப்பர் விலை விழுந்தபோது அதை 40 காசாகவும் 32 காசாகவும் குறைத்தார்கள். கிராணி உத்தியோகம் பார்த்துக் கணக்கெழுதிப் பழகிய நமக்கு இதில் ஒன்று தெரிகிறது: உலகச் சந்தையே கவிழ்ந்த காலத்திலும் ஐந்துக்கு நாலு என்ற அந்த விகிதம் மட்டும் கவிழவில்லை. கூலியைக் குறைக்க ஆயிரம் காரணம் சொன்னவர்கள், ஒரே மாதிரி வேலைக்கு ஏன் இந்த ஒரு பங்கு குறைவு என்பதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. அதுவும் வழக்கமாகிவிட்டது. வெள்ளைக்காரத் துரைக்கும் லயத்துப் பெரியவருக்கும் மற்ற விஷயங்களில் எவ்வளவு பேதமிருந்தாலும், இந்த ஒரு பங்கில் பேதமிருக்கவில்லை.

யுத்தம் வந்தது. 1942 ஜனவரி முடிவில் ஜொகூர் முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. பின்வாங்கிய பிரிட்டிஷ் சைனியம் சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலத்தை உடைத்துவிட்டுப் போயிற்று. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் சரணடைந்தது. ரப்பர் வாங்குவாரில்லை. கூலியில்லை; அரிசியில்லை; மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டத்து ஆண்களில் பல்லாயிரக்கணக்கானோர் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவாலும் பட்டினியாலும் அடியாலும் அங்கே செத்தவர்களுக்குச் சரியான கணக்கு இன்றுவரை இல்லை. லயங்களில் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளுமே மிஞ்சினார்கள்.

இந்த நிலையில்தான் 1943 ஜூலை மாதம் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். இந்திய விடுதலைக்கு ஆயுதமேந்திய பெண்படை ஒன்றும் வேண்டும் என்று ஜூலை 9-ந் தேதி பெருங்கூட்டத்தில் கேட்டார். 1940 முதல் சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்து வந்த சென்னைப் பெண்மணி டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் சுமார் 20 பெண்களைச் சேர்த்து அவசரமாகப் பயிற்சியளித்து, ஜூலை 12-ந் தேதி நடந்த பெண்கள் கூட்டத்தில் துப்பாக்கியுடன் அணிவகுத்து மரியாதை செய்ய வைத்தார். சேலை கட்டிய கையில் துப்பாக்கியைப் பார்த்த ஆண்களில் சிரித்தவர்களும் உண்டு. ஜப்பானிய அதிகாரிகளும், பெண்களுக்குப் போய் ஆயுதமா, அவர்களுக்கு இடமும் பொருளும் வீணா என்று தயங்கினார்கள். பெண் விஷயத்தில் வழக்கம் எவ்வளவு சுலபமாகத் தேச எல்லைகளைக் கடந்துவிடுகிறது, பாருங்கள்! எனினும் அக்டோபர் 22-ந் தேதி, சிங்கப்பூர் வாட்டர்லூ வீதியில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

வசதியுள்ள வீட்டுப் பெண்களும் வந்தார்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர், பதினெட்டு வயதுப் பெண், தன் நகைகளைக் கழற்றிப் போஸிடம் கொடுத்தவள். தகப்பனாரின் மறுப்பைக் கடந்து சேர்ந்து, பிற்பாடு படையின் தலைமை வரிசைக்கு உயர்ந்தாள். ஈப்போவிலிருந்து ரசம்மா நவரத்தினமும் அவருடைய சகோதரியும் பள்ளிப் பெண்களாயிருக்கும்போதே சேர்ந்தார்கள். ஆனால் படையில் பெரும்பகுதியினர் தோட்டத்துப் பெண்களே. அவர்களில் மிகப் பலர் எழுதப் படிக்க அறியாதவர்கள்; எந்த இந்தியாவுக்காகப் போர் செய்யப் புறப்பட்டார்களோ அந்த இந்தியாவைக் கண்ணால் கண்டறியாதவர்கள். படையின் மொத்தத் தொகை ஐந்நூறுக்கும் குறைவு என்று ஒருவரும், ஆயிரத்துக்கு மேல் என்று மற்றொருவரும் கணக்குக் கூறுகிறார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும், அக்காலத்து உலகத்தில் பெண்கள் மட்டுமே கொண்ட தரைப்படை என்பது மிக அபூர்வமான காரியம்.

முகாமுக்குள் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. சேலை போய்க் காக்கிச் சட்டையும் கால்சட்டையும் வந்தன. பலர் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். துப்பாக்கி, ஈட்டிமுனை, இயந்திரத் துப்பாக்கி, கைக்குண்டு இவற்றில் பயிற்சி பெற்றார்கள். எல்லா ஜாதியும் எல்லா மதமும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டன. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வாசலில் பிறந்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடியாமல் வளர்ந்த பெண்கள், ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பல தலைமுறையாகப் பெரியவர்கள் பேசியும் தீராத ஒரு வழக்கு, சமையற்கட்டு ஒன்றானதும் சில வாரத்தில் தீர்ந்தது.

இந்தப் பெண்களைப் பெற்றவர்கள் எப்படி அனுப்பச் சம்மதித்தார்கள் என்று கேட்கலாம். தேசபக்தி ஒரு காரணம்தான். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் சோறில்லை, முகாமில் சோறுண்டு. வயது வந்த பெண்ணை லயத்தில் வைத்திருப்பதைவிட முகாமில் விடுவது பத்திரம் என்ற எண்ணமும் உண்டு. ஆபத்துக்குப் பாவமில்லை என்று நம்மவர்கள் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். வழக்கத்தின் இரகசியம் முழுவதும் அந்தப் பழமொழியில் அடங்கியிருக்கிறது. பெண் ஆயுதம் தொடுவது பாவமென்றால் ஆபத்திலும் பாவமே. ஆபத்தில் பாவமில்லையென்றால் மற்ற நாளிலும் அது பாவமல்ல என்பதுதானே நியாயம்?

இன்னொரு கசப்பான உண்மையையும் மறைப்பதற்கில்லை. பெண்படைக்கு முகாம் திறந்த அதே அக்டோபர் மாதத்தில்தான் சயாம்-பர்மா ரயில்பாதையின் இரண்டு முனைகளும் இணைக்கப்பட்டன. மலாயாவிலிருந்து பர்மாவுக்குப் புறப்பட்ட படைப்பெண்கள் அந்தப் பாதையின்மேலேயே ரயிலேறிப் போனார்கள். தங்கள் தோட்டத்து ஆண்கள் எந்தக் கட்டைகளைச் சுமந்து செத்தார்களோ அந்தக் கட்டைகளின்மேல், அவர்களைச் சாகவிட்ட சைனியத்துக்குத் துணைப்படையாய் அந்தப் பெண்கள் போக நேர்ந்தது. விடுதலை என்ற சொல்லுக்கு ஏழைகள் எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுவதில்லை. போஸைப் போற்றுகிறவர்களும் தூற்றுகிறவர்களும் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

இம்பால் படையெடுப்பு 1944-ல் தோல்வியடைந்ததால் பெண்படை போர்முனையைக் காணவில்லை. பர்மாவில் அவர்களில் பலர் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கும்போது பகலில் விமானங்களுக்கு மறைந்தும் இரவில் சேற்றில் நடந்தும் வந்தார்கள். போஸும் அவர்களுடன் நடந்தார். ரயிலில் வந்த ஒரு பிரிவின்மேல் நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இரண்டு பெண்கள் உயிர் துறந்தார்கள். போர்முனையில் சுடாத படை என்ன படை என்று கேட்கிறவர்கள் உண்டு. திமிங்கலத்தின்மேல் ஏறினாளா என்று கேட்கும் அதே கேள்விதான் இது. போர்முனைக்குப் போகாமலே யுத்தம் முடிந்துபோன ஆண் சிப்பாய்கள் எல்லாத் தேசத்திலும் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களை யாரும் சிப்பாய் அல்லர் என்று சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தது. பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தலைமை வகித்தவர்களின் பிற்காலம் சரித்திரத்தில் இருக்கிறது. லட்சுமி சாகல் என்று பெயர் பெற்ற டாக்டர் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் செய்தார். அந்த மாவோரிப் படம் வெளிவந்த அதே 2002-ல், 87-வது வயதில், இந்திய ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஜானகி 1946-ல் மலாயா இந்தியர் காங்கிரஸ் ஏற்பட்டபோது அதில் பங்குகொண்டு, பிற்பாடு மலேசிய மேல்சபையில் அங்கத்தினரானார். ஆசிரியையான ரசம்மா பூபாலன் 1960-ல் பெண் ஆசிரியர் சங்கத்தை ஸ்தாபித்து, ஆண் ஆசிரியருக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார். பதினாறு வயதில் துப்பாக்கி ஏந்திய கை, முப்பத்துமூன்று வயதில் சம்பளப் பட்டியலை எடுத்துக்கொண்டது. நம் அபிப்பிராயத்தில் இரண்டாவது யுத்தம் முதலாவதற்கு எள்ளளவும் குறைந்ததன்று.

தோட்டத்துப் பெண்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். காக்கியைக் கழற்றிச் சேலை கட்டினார்கள். மறுபடியும் பெரட்டில் நின்றார்கள். செக்ரோல் புத்தகத்தில் நாட்கணக்கு எழுதப்பட்டது. இவள் இயந்திரத் துப்பாக்கி கையாளத் தெரிந்தவள் என்று எழுத அதில் இடமில்லை. எழுதத் தெரியாதவர்களாகையால் தங்கள் கதையைத் தாங்களும் எழுதவில்லை. எழுதத் தெரிந்த நம்மைப் போன்றவர்களும் கேட்டு எழுதவில்லை. வீரா ஹில்டபிராண்ட் என்னும் மேனாட்டுப் பெண்மணி, உயிரோடிருந்த படைப்பெண்களைப் பல தேசங்களில் தேடிக் கண்டு, கேட்டு, 2016-ல் புஸ்தகமாக வெளியிட்டார். நம் வீட்டுத் திண்ணையில் இருந்த கதையை அயலார் வந்து கேட்க வேண்டியிருந்தது. 1943-ல் பதினாறு வயதாயிருந்தவளுக்கு 2023-ல் தொண்ணூற்றாறு வயதாகியிருக்கும். கேட்பதற்கு இனி அநேகமாக ஒருவரும் இல்லை.

ஆபத்தில் திறந்த கதவு ஆபத்து தீர்ந்ததும் சாத்தப்பட்டது என்பதே நாம் சொல்ல வந்த விஷயம். சாத்தியவர்கள் யாரும் கொடியவர்களல்லர். பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா, ஊர் என்ன சொல்லும் என்று, மாவோரிப் பாட்டனாரைப் போல அன்புடனேயே சாத்தியிருப்பார்கள்.

இன்று ஜொகூரின் நிலை வேறு. கூலாய், குளுவாங், சிகாமட் பக்கங்களில் ரப்பர் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. லயத்துப் பிள்ளைகள் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் வைத்தியராகவும் வக்கீலாகவும் இருக்கிறார்கள். சட்டமும் பெருமளவு மாறிவிட்டது. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிமல்லாதாரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1958-ம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. ஆனால் சட்டம் கொடுத்த பங்கை, அண்ணனுக்கு விட்டுக்கொடு அம்மா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிற வீடுகள் நம்மிடையே இல்லையென்று சொல்ல முடியுமா? கோயில் திருவிழாவுக்குக் காய்கறி நறுக்கவும், பாத்திரம் துலக்கவும், வசூலுக்குப் போகவும் பெண்கள் வேண்டும். நிர்வாகக் கமிட்டியில் தலைவர் நாற்காலி என்று வந்தால் வழக்கம் வந்து குறுக்கே நிற்கிறது. பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும் உரிமை, பத்து வருஷம் அவரைப் படுக்கையில் வைத்துப் பார்த்த மகளுக்கு இல்லாமல், தூரத்திலிருந்து வந்த தம்பி மகனுக்கு இருக்கிறது. ஐந்துக்கு நாலு என்னும் பழைய விகிதம் செக்ரோலை விட்டுப் போனாலும் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை.

வாசகர்கள் இரண்டு காரியம் செய்யலாம். தங்கள் குடும்பத்தில், தோட்டத்தில், அந்தப் படைக்குப் போய்வந்த பெண் யாராவது இருந்தாளா என்று வயது சென்றவர்களிடம் இந்த வாரமே விசாரித்து, பெயரையும் தோட்டத்தையும் எழுதி வைக்கலாம். கிடைக்கிற ஒரு பெயரும் லாபமே. மற்றொன்று, அடுத்த முறை ஒரு பெண்ணுக்கு ஓர் இடம் மறுக்கப்படும்போது, காரணம் வழக்கம் என்று சொல்லப்பட்டால், 1943-ல் அந்த வழக்கம் எங்கே போயிருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அன்றைக்கு அது பசிக்கும் பயத்துக்கும் வழிவிட்டது. இன்றைக்கு அது நியாயத்துக்கு வழிவிடுவதில் என்ன குறைந்துவிடும்?